முதலாளி தரப்பு

டிசம்பர் 4, வியாழன்

காலையில் பேக்கரி ஒலிவேரியோ வந்தார். அடுப்படி ஆள் மறுபடியும் மருத்துவச் சான்று கொண்டுவந்திருக்கிறானாம். இன்றே அனுப்பிவிட வேண்டுமாம். முடியாது என்றேன். ஏதாவது எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பலாமா? முடியாது. அவனாகவே ஓடிப்போகிற மாதிரி வேலை நேரத்தை மாற்றிவிடலாமா? அதுவும் முடியாது. "பின்னே நீங்க எதுக்குங்க எனக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். திரும்பி வருவார். எல்லோரும் வருகிறார்கள். இந்த ஊர் முதலாளிகள் என்னிடம் காசு கொடுத்து வாங்கிப்போவது பெரும்பாலும் 'முடியாது' என்கிற இந்த ஒரு வார்த்தையைத்தான்.

பிறகு தொழிலாளர் துறை அலுவலகம். விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். வராந்தாவில் லூக்கெஸ் நின்றிருந்தார். எவரிஸ்தோ லூக்கெஸ், மீன் குளிர்பதனத் தொழிலாளர் யூனியனின் பொதுச்செயலாளர். நான் குளிர்பதன ஆலை முதலாளிகள் சங்கத்தின் வக்கீல். இருபது வருஷமாக மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர் இன்று எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வீட்ல சாருக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்றார்.



டிசம்பர் 6, சனி

லூக்கெஸ் போன் செய்தார். என்னைத் தனியாகப் பார்க்க வேண்டுமாம். எங்கள் ஊர் மார் டெல் பிளாட்டாவில் வேண்டாமாம். திங்கள் விடுமுறை, பக்கத்து ஊர் மிராமாரில் ஒரு காப்பிக் கடையின் பெயர் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

போகாதே என்று அனிபால் சொல்வான் என எதிர்பார்த்தேன். என் கணவனை எனக்கே இன்னும் தெரியவில்லை. தூண்டில் நரம்பைச் சிக்கெடுத்தபடியே, "போய், அந்த ரெண்டாவது மேளக்காரன் இன்னும் யூனியன்ல இருக்கானான்னு கேட்டுட்டு வா" என்கிறான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் இவன் நெஞ்சைத் திறந்து மூடி வீட்டுக்கு அனுப்பிய வாரம், லூக்கெஸின் ஆட்கள் எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று மேளம் அடித்தார்கள். டயர் கொளுத்தினார்கள். படுக்கையறை வரைக்கும் புகை. நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பாட்டு சொல்லிக்கொடுத்த இவனோ, இரண்டாவது ஆள் தாளம் தப்புகிறான் என்று படுத்துக்கொண்டே குறைபட்டான். இவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

மிராமாரில் நல்ல காற்று. கடைக்குள்ளேயே மணல். லூக்கெஸ் வாசலைப் பார்த்த மாதிரி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முழங்கை தெரிய மடித்த சட்டை, பெரிய கைகள். மீன் வெட்டி வெட்டி விரல்கள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிட்டன. அந்தக் கைகள் மேஜையைக் குத்தித்தான் பார்த்திருக்கிறேன். இன்று அவை காகிதத் துடைப்பானைக் கிழித்துக்கொண்டே இருந்தன.

விஷயம் இதுதான். யூனியனுக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டல் இருக்கிறது. உள்நாட்டு ஊர்களிலிருந்து உறுப்பினர்கள் ஜனவரிக் கோடையில் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். அங்கே அறை சுத்தம் செய்கிறவர்கள், சமைக்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்களில் பாதிப் பேர் எந்த அரசுப் பதிவிலும் இல்லை. யூனியன் நடத்துகிற ஹோட்டலில்! அவர்கள் கூடித் தங்களுக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சுல்மா பைவா, அறைப் பெண்களுக்கெல்லாம் மூத்தவள். எல்லோரையும் பதிவில் ஏற்றுங்கள் என்று அவள் வந்து கேட்டாள். லூக்கெஸ் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். நீதிபதியின் அனுமதி இல்லாமல் ஒரு பிரதிநிதியை வெளியே அனுப்புவதா! இதே தப்புக்காக என் கட்சிக்காரர்களை எத்தனை தடவை தெருவில் நிறுத்தி நாறடித்திருக்கிறார் இவர்.

"உங்களுக்குத் தெரியாத சட்டமா லூக்கெஸ்?"

"தெரியும்."

"பின்னே ஏன்?"

துடைப்பானைக் கசக்கி வைத்துவிட்டு, கடைக்காரனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"என்னை முதலாளின்னு கூப்பிட்டா, வக்கீலம்மா. சாப்பாட்டுக் கூடத்துல, அத்தனை பேர் முன்னாடி. வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து தோழர் தோழர்னு கூப்பிட்டவ. அன்னிக்கு, 'சரிங்க முதலாளி'ன்னா."

கண் கலங்கியிருந்தது அவருக்கு. நடிப்பு இல்லை. எனக்கு நடிப்பு தெரியும், இருபது வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இதை நான் எத்தனையோ பேரிடம் கண்டிருக்கிறேன். ஆத்திரத்தோடு ஒருத்தரை வெளியே தள்ளுகிறவர்கள் காசுக்காகத் தள்ளுவதில்லை. எங்கேயோ அடிபட்டுத்தான் தள்ளுகிறார்கள். காரணத்தைப் பிறகு என்னிடம் வந்து தேடுகிறார்கள். ஆனால் இவர்? இவருமா?

யூனியனின் சொந்த வக்கீல் இந்த வழக்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். "முதலாளிக்காக வாதாடத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல நீங்கதான்" என்றார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது எச்சில் விழுங்கினார்.

என்னால் ஆகாது என்றேன். மார்ச்சில் சம்பளப் பேச்சுவார்த்தை. அங்கே நான் ஆலை முதலாளிகள் பக்கம், இவர் எதிர்ப்பக்கம். ஒருத்தி இரண்டு வீட்டுக்கும் காவல் இருக்க முடியாது. ஆனால் வந்தவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன். நாளைக்கே அவளைத் திரும்ப எடுங்கள், எல்லோரையும் பதியுங்கள். ஜனவரியில் நீதிமன்றம் மூடிவிடும், சீசனோ ஆரம்பித்துவிடும், அவள் பிப்ரவரி வரைக்கும் காத்திருக்கமாட்டாள்.

"மன்னிப்பும் கேக்கணுமா?"

"சட்டத்துல அது இல்ல."

"யூனியன் நடத்துறது எப்படின்னு கடைசியில நீங்க எனக்குச் சொல்லித் தர வேண்டியதாப் போச்சு" என்று எழுந்தார். காப்பியைத் தொடவே இல்லை.

மேளத்தைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

டிசம்பர் 9, செவ்வாய்

ஆலோசனை கேட்டு வந்தவர் சொன்னது என்னோடு இருக்க வேண்டும். வழக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சந்தித்ததையே எங்கள் சங்கத் தலைவர் கரோஃபோலியிடம் மறைப்பது? அது சரியா? இரண்டுக்கும் நடுவில் நிற்க இடம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

தெரிந்துவிட்டது.

புருனோ கரோஃபோலி ஆலைக்கு வரச்சொன்னார். முதலாளிகள் சங்கத் தலைவர், துறைமுகத்திலேயே பெரிய ஆலை அவருடையது. என் வருமானத்தில் முக்கால்வாசி அவர் சங்கத்திலிருந்துதான் வருகிறது. அவருடைய மைத்துனிக்கு மிராமாரில் கோடை வீடு. காப்பிக் கடை ஜன்னல் வழியே எங்களைப் பார்த்திருக்கிறாள்.

கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மாத்தே இலைத் தேநீர் ஊற்றி, உறிஞ்சுகுழலைத் துடைத்து என் கையில் கொடுத்தார். ஹோட்டல் விஷயமும் ஊரில் பாதிக்கு மேல் கசிந்துவிட்டது. ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

"அவன் என்ன சொன்னான்?"

சொல்ல முடியாது என்றேன்.

"இர்மா, நான் உன்னைத் தப்பா நினைக்கல. ஒரு கயிறு கொடு, போதும். மார்ச்ல அவன் கழுத்துல மாட்டிக்கிறேன். பதிவுல இல்லாத ஆளு எத்தனை? அதை மட்டும் சொல்லு."

சொல்ல முடியாது என்று மறுபடியும் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே படகுத்துறையில் கடல்சிங்கங்கள் கத்திக்கொண்டிருந்தன. மாத்தேயை வாங்கி அவரே ஒரு மிடறு உறிஞ்சினார்.

"நீ யாரு வக்கீல்?"

"உங்க வக்கீல்."

"யோசிச்சுக்கோ" என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் 20, சனி

ஹோட்டல் வாசலில் பெண்கள் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டார்கள். லூக்கெஸ் சுல்மாவைத் திரும்ப எடுக்கவில்லை. பன்னிரண்டு நாளாகத் தினமும் அவர் ஏதாவது செய்வார் என்று பார்த்திருந்தேன்.

யூனியனின் மேளங்களெல்லாம் ஹோட்டல் நிலவறையில்தான் கிடக்குமாம். அவற்றையே தூக்கிவந்து வாசலில் வைத்து அடிக்கிறார்கள். கடற்கரையில் தூண்டில் போடப்போன அனிபால் நின்று கேட்டுவிட்டு வந்தான். "யூனியன் ஆளுங்களைவிட நல்லாவே அடிக்கிறாங்க" என்கிறான்.

டிசம்பர் 23, செவ்வாய்

பண்டிகைக்குக் கோழி வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள். குட்டை முடி, வெயிலில் கறுத்த முகம், என் வயதிருக்கும். "நான்தான் சுல்மா பைவா" என்றாள். கை கொடுத்தாள். உள்ளங்கை மரப்பலகை மாதிரி இருந்தது.

லூக்கெஸ் என்னைப் பார்க்க வந்தது தனக்குத் தெரியும் என்றாள். ஊருக்கே தெரியும்போது அவளுக்குத் தெரியாதா.

"நீங்க அவருக்கு என்ன சொன்னீங்க?"

"அதை நான் சொல்லக்கூடாது."

என் முகத்தையே பார்த்தாள். "சொல்ல வேணாம். நீங்க சொன்னதை அவர் கேட்கலைன்னு உங்க மூஞ்சியே சொல்லுது."

வரிசை நகர்ந்தது. மார்புத் துண்டா, தொடையா என்று கடைக்காரன் கேட்டான். சுல்மா முழுக்கோழியாகக் கேட்டாள். பையில் போட்டுக்கொண்டே, எனக்கென்று இல்லாமல் பொதுவாகச் சொன்னாள்: "அவர் கெட்டவர் இல்லீங்க. என் பையன் ஜெயில்ல இருந்தப்ப வாராவாரம் போய்ப் பாத்துட்டு வந்தவர். அதனாலதான் பதியச் சொல்லிக் கேட்டேன். கெட்டவரா இருந்தா கேட்டிருக்கவே மாட்டேன்."

எதிர்த்தரப்புக்காரியிடம் இவ்வளவு நேரம் நின்று பேசியிருக்கக் கூடாது. எதிரி யார்? எனக்கே குழம்புகிறது.

டிசம்பர் 25, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. பழரொட்டி, ஆப்பிள் சிடர் மது, குளிர்ந்த இறைச்சி. அனிபாலின் அக்கா குடும்பம் வந்து போனது. எல்லோரும் ஹோட்டலைப் பற்றித்தான். யூனியன்காரனுக்கு நல்லா வேணும் என்று சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். ஆறு வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தானே. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஜனவரி 2, வெள்ளி

தூங்கும் முன் எழுதிவிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டின்போது கரோஃபோலி போன் செய்தார். சீசனின் முதல் பேருந்துகள் ஹோட்டலுக்கு வந்துவிட்டன, வாசலில் பெண்கள் வழிவிடவில்லை. லூக்கெஸின் மருமகன் நெஸ்தோர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். "டி.வி.காரங்களுக்கு நானே சொல்லிட்டேன். நீ வீட்டுல இரு. அவன் கூப்பிட்டா எடுக்காத. நான் கேக்குறது அவ்வளவுதான்."

அவர் வைத்த கையோடு லூக்கெஸின் எண். அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அடித்தது. நான் ஈரக்கையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எடு," என்றான் அனிபால். "இல்லன்னா கொண்டுபோய்க் கடல்ல போடு."

எடுத்தேன்.

"வக்கீலம்மா, பசங்க வந்துட்டாங்க. நான் கூப்பிடல..." மூச்சு வாங்கியது அவருக்கு. "இல்ல. நான்தான் கூப்பிட்டேன். இப்ப போகச் சொன்னா போகமாட்டேங்கிறாங்க."

ஏன் போனேன்? யோசித்துப் பார்க்கிறேன். ஆலோசனை என்று ஒன்று சொல்லிவிட்டு அதைப் பாதியில் விட மனசு வரவில்லை. இதுதான் காரணமா? அல்லது சுல்மாவின் அந்த உள்ளங்கையா? தெரியல. போயிட்டேன். அவ்வளவுதான்.

தெருவின் இந்தப் பக்கம் பேருந்துகள். பெட்டியும் கடற்கரைக் குடையுமாக இறங்கி நிற்கிற குடும்பங்கள். அந்தப் பக்கம் நடைபாதையில் நெஸ்தோரும் ஆட்களும், சிலர் கையில் கழி. நடுவில் வாசற்படியில் பெண்கள். பெரிய மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு சுல்மா. டி.வி. வண்டி மூலையில் தயாராக நிற்கிறது. நான் நேராகப் படியேறினேன். சுல்மா அடிப்பதை நிறுத்தினாள்.

"யாரு பக்கம் வந்திருக்கீங்க?"

"எப்பவும் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான்."

"முதலாளி பக்கமா?"

"ஆமா. அவருக்கு முடியாதுன்னு சொல்லப்போறேன்."

ஒரு கணம் பார்த்தாள். மேளத்தோடு சேர்ந்து ஒதுங்கினாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளெல்லாம் மேஜைமேல் கவிழ்ந்திருந்தன. ஒன்றை மட்டும் இறக்கிப் போட்டு லூக்கெஸ் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருக்கவில்லை. நான் உட்காரவில்லை.

வெளியே ஒரு பெண் மேல் ஒரு கை பட்டாலும் அத்தோடு நீங்கள் முடிந்தீர்கள் என்றேன். சுல்மா விஷயத்தில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள், அது எந்த நீதிபதியிடம் போனாலும் தோல்விதான். அதை எவ்வளவு சேதத்தோடு தோற்பது என்பது மட்டும்தான் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது என்றேன். என் கட்சிக்காரர்களிடம் சொல்கிற அதே வார்த்தைகள். இவரிடம் சொல்வேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

"நான் போய் அங்க நின்னு ஒத்துக்கிட்டா," என்றார், "மார்ச்ல கரோஃபோலி எதிர்ல எப்படி உக்காருவேன்? நீயும் நம்ம ஆளுதான்டான்னு சிரிப்பான்."

"சிரிப்பார்."

"யூனியன்ல என்னை வெச்சிருக்கமாட்டாங்க."

"அதுவும் நடக்கலாம்."

"வேற என்னதான் சொல்றீங்க?"

"நீங்க இந்த ஹோட்டலுக்கு முதலாளி. அது வசவு இல்ல, லூக்கெஸ். அது ஒரு வேலை. அந்த வேலையை ஒழுங்காச் செய்யுங்கன்னுதான் அவ கேட்டா."

அப்போது வெளியே பட்டாசு வெடித்தது. ஒரு குழந்தை வீறிட்டது. மேளம் நின்றுபோனது. லூக்கெஸ் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. நான் பின்னாலேயே ஓடினேன்.

பட்டாசு படிக்கட்டில் விழுந்திருக்கிறது. யாருக்கும் காயமில்லை. ஒரு சமையற்காரப் பெண் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நெஸ்தோரின் ஆட்கள் நடைபாதையை விட்டுத் தெருவில் இறங்கிவிட்டார்கள். லூக்கெஸ் பெண்களைக் கடந்து போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி, தன் ஆட்களைப் பார்த்து நின்றார். கத்தவில்லை. "போதும், வீட்டுக்குப் போங்க" என்றார்.

நெஸ்தோர் என்னைக் கையால் காட்டினான். "முதலாளிங்க வக்கீல் சொல்லித்தான் இதைச் சொல்றீங்களா, மாமா?"

எல்லோரும் கேட்டார்கள். டி.வி.யும் கேட்டது.

"ஆமா," என்றார் லூக்கெஸ். "அவங்கதான் சொன்னாங்க. போ."

யாரும் நகரவில்லை. எவ்வளவு நேரமோ. பிறகு பின்வரிசையில் ஒருத்தன் கழியைச் சாக்கடையில் போட்டுவிட்டு நடந்தான். அவன் பின்னால் இன்னொருத்தன். நெஸ்தோர் கடைசியாகப் போனான். மாமனாரின் காலடியில் துப்பிவிட்டுப் போனான்.

லூக்கெஸ் சுல்மா பக்கம் திரும்பினார். திங்கட்கிழமை தொழிலாளர் துறை ஆபீசுக்கு வரச்சொன்னார். விருந்தாளிகளை உள்ளே விடும்படி கேட்டார். உத்தரவு போடவில்லை, கேட்டார். "சரிங்க முதலாளி" என்றாள் அவள். அவர் முகம் சுருங்கியது. தலையை ஆட்டினார்.

ஜனவரி 5, திங்கள்

ஒலிவேரியோ திரும்பி வந்துவிட்டார், அடுப்படி ஆளோடு சமாதானம் பேச. அதனால் இன்று நானும் தொழிலாளர் துறையில்தான் இருந்தேன். மேஜைக்கும் மேஜைக்கும் ஒரு முழம் இடைவெளி. அடுத்த மேஜையில் நடந்தது எல்லாம் எனக்குக் கேட்டது.

லூக்கெஸ் வக்கீல் இல்லாமல் தனியாக வந்தார். பழக்க தோஷம், வழக்கமாக உட்காரும் நாற்காலியில், தொழிலாளர் பக்கம், சுல்மாவுக்கு அருகிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். பழைய சிநேகிதர்கள் மாதிரி இருந்தார்கள் இருவரும். எதிரே காலி நாற்காலி. அதிகாரி பேனாவை வைத்துக்கொண்டு தவித்தார். இருபது வருஷமாக இவரை அந்த நாற்காலியில்தானே பார்த்திருக்கிறார். கடைசியில் மெல்லக் கேட்டார்: "முதலாளி தரப்புல யாரு வந்திருக்கீங்க?"

லூக்கெஸ் எழுந்தார். நாற்காலியையும் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போனார். எதிர்ப்பக்கம் ஏற்கெனவே ஒரு நாற்காலி இருந்ததைக் கவனிக்கவில்லை. தான் கொண்டுபோனதை அதன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நான்தான்," என்றார்.

ஒலிவேரியோ என் காதில் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்கவில்லை.

பிறகு லூக்கெஸ் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டார். சுல்மா நாளையே வேலையில். பதிவில் இல்லாதவர்கள் எல்லோரும் பதிவில். எழுதிக்கொள்ளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரே அதிகாரியைத் துரிதப்படுத்தினார், பல்லைப் பிடுங்கிக்கொள்கிறவர் மாதிரி. சுல்மா அவர் முகத்தைப் பார்க்காமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த முகமாக இல்லை.

ஜனவரி 7, புதன்

கரோஃபோலி என்னை உட்காரச் சொல்லவில்லை. மாத்தேயும் இல்லை.

"இருபது வருஷம் சோறு போட்டேன் உனக்கு."

"இருபது வருஷம் உங்களைக் கோர்ட் வாசலை மிதிக்காம வெச்சிருந்தேன்."

"அவன் தலை தானா உருண்டிருக்கும். நீ போய்த் தாங்கிப் பிடிச்ச. டி.வி.ல ஊரே பாத்துச்சு. என் ஆளுங்க கேக்குறாங்க, அவ நம்ம வக்கீலா, அவன் வக்கீலான்னு. நான் என்ன பதில் சொல்ல?"

அவர் சொன்னதில் பாதி நியாயம். ஒரு பெண்ணின் மண்டை உடைவதை நான் தடுத்தேன். அதே சமயம் என் கட்சிக்காரருக்குக் கிடைக்க இருந்த பெரிய லாபத்தையும் தடுத்தேன். இரண்டும் உண்மை. முன்னது பெரிது என்று எனக்குத் தெரியும். பின்னது இல்லை என்று ஆகிவிடாது.

முதலாளிகள் சங்கத்துக்கு இனி நான் வக்கீல் இல்லை. புயனோஸ் அய்ரெஸிலிருந்து ஒருவனைக் கூட்டிவருகிறார்களாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அனிபால் வெங்காயம் நறுக்கினான். பிறகு, "நம்ம ரெண்டு பேருக்கு மீன் போதும்" என்றான். அப்பதான் அழுகை வந்துச்சு.

பிப்ரவரி 10, செவ்வாய்

நீதிமன்றம் திறந்து ஒரு வாரமாகிறது. பேக்கரி, ஒரு சலவைக் கடை, இரண்டு மருந்துக் கடைகள். ஆபீஸ் வாடகை கொடுக்கலாம். குமாஸ்தாப் பெண்ணைப் பாதி நாள் வரச்சொன்னேன். சொல்வதற்கு முன் சட்டத்தில் அதற்கு இடம் உண்டா என்று எனக்கு நானே வக்கீலாகப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 19, வியாழன்

சம்பளப் பேச்சுவார்த்தை முடிந்தது. நான் பத்திரிகையில் படித்தேன். கரோஃபோலி முதல் நாளே லூக்கெஸைப் பார்த்து, "வாங்க சக முதலாளி" என்றாராம். லூக்கெஸ் காகிதத்தைப் பிரித்தாராம். புதிய வக்கீல் முதலாளிகள் கேட்ட எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை போலிருக்கிறது. வேலைநிறுத்தத்தில் ஆலைகள் பத்து நாள் மூடிக் கிடந்தன. துறைமுகமே நாறியது. கடைசியில் முதலாளிகள் ஒத்துக்கொண்ட உயர்வு, நான் இருந்தால் முதல் வாரத்திலேயே ஒத்துக்கொள்ளச் சொல்லியிருக்கும் உயர்வுதான்.

சந்தோஷப்படக் கூடாது. படுகிறேன்.

மே 15, வெள்ளி

யூனியன் தேர்தல். லூக்கெஸ் தோற்றுவிட்டார். நெஸ்தோரின் அணி ஜெயித்தது. ஹோட்டல் படிக்கட்டில் லூக்கெஸுக்குப் பின்னால் நான் நிற்கிற படத்தைத் துறைமுகம் முழுக்க ஒட்டியிருந்தார்கள். நல்ல சம்பள உயர்வு வாங்கிக் கொடுத்தும் பிரயோஜனமில்லை.

சாயங்காலம் அவரே போன் செய்தார். இந்த முறை ஒளிவு மறைவு இல்லை, வீட்டு எண்ணிலிருந்து.

"நீங்க சொன்னபடி செய்யலன்னா நாசமாப் போவேன்னு சொன்னீங்க, வக்கீலம்மா. செஞ்சாலும் போவேன்னு சொல்லலையே."

"சொன்னேன். அன்னிக்குக் கூடத்துல."

"ஆமா," என்றார். "சொன்னீங்க."

மே 19, செவ்வாய்

சந்தையில் சுல்மா. ஹோட்டல் ஊழியர்களுக்கு யூனியன் தேர்தலில் ஓட்டு கிடையாது. இருந்திருந்தால் லூக்கெஸுக்குத்தான் போட்டிருப்பேன் என்றாள். "அவரைத் திட்டி எனக்குப் பழக்கம். இந்த நெஸ்தோரை முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

மே 28, வியாழன்

ஆபீசைப் பூட்டிக்கொண்டிருந்தபோது போன். கரோஃபோலி. ஜனவரிக்குப் பிறகு இந்தக் குரலை நான் கேட்கவில்லை. சுற்றி வளைக்கவில்லை அவர்.

லூக்கெஸ் யூனியன் பதவிக்குப் போவதற்கு முன் கரோஃபோலியின் ஆலையில்தான் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பதவி போனால் பழைய வேலைக்குத் திரும்பலாம், அது சட்டம். திரும்பிவிட்டார். அறுபத்தொரு வயதில் மறுபடியும் கத்தியும் பூட்ஸும்.

"ஒரே ஒரு கேள்விதான், இர்மா. அவனை அனுப்பிடலாமா?"

"முடியாது. பதவி முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தொடக்கூடாது."

"அவனோட யூனியனே கண்டுக்காது. நெஸ்தோரே எனக்குச் சொல்லி அனுப்பிட்டான்."

"நெஸ்தோர் சட்டம் இல்ல."

"புயனோஸ் அய்ரெஸ்காரன் முடியும்கிறானே."

"அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அவருக்குப் பின்னால் கடல்சிங்கங்களின் சத்தம் மட்டும். பிறகு, "சரி" என்று வைத்துவிட்டார். எந்தச் சரி? செய்யமாட்டேன் என்கிற சரியா, உன்னிடம் கேட்டுப் பயனில்லை என்கிற சரியா? இருபது வருஷம் பழகியும் அந்த மனிதரின் 'சரி'யை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஜூன் 1, திங்கள்

மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போகிறேன் என்றேன். வீட்டில் அனிபால் பிடித்த மீன் ஐஸ்பெட்டி நிறையக் கிடக்கிறது. அவன் கழுத்துத் துணியை எடுத்துக் கொடுத்தான்.

கடுங்குளிர். ஆலை வாசலில் காலை ஷிப்ட் வரிசை, எல்லோரும் வெள்ளை அங்கி, வெள்ளை பூட்ஸ், தலையில் வலைத்தொப்பி. லூக்கெஸ் நடுவில் நின்றார். முன்னால் இருந்தவனும் பின்னால் இருந்தவனும் அவரோடு பேசவில்லை. என்னைப் பார்த்தார். அவர் கையைத் தூக்கவில்லை, நானும் தூக்கவில்லை. வரிசை மெல்ல நகர்ந்தது. அவர் முறை வந்ததும் காவலாளி அட்டையை வாங்கினான், அதையும் அவர் முகத்தையும் பார்த்தான், உள்ளே திரும்பி யாரிடமோ ஏதோ கேட்டான்.

பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்து, கம்பிக் கதவைத் தள்ளிப் பிடித்தான். லூக்கெஸ் உள்ளே போனார்.

வந்ததற்கு அரைக் கிலோ மத்தி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.